தகரக் கூரையும் சப்-மீட்டரும்: வட சென்னையில் மாணவர்கள் கையால் செய்யக்கூடிய வேலை

எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனம், வாசலில் ஒரே ஒரு ஈபி மீட்டர் என்பது சர்வசாதாரணம். வீட்டுக்கு 160 யூனிட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு மொத்தம் 800 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணைப்படி இதற்கு பில் போட்டுப் பார்ப்போம். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 300 யூனிட் 4.50 வீதம் 1,350 ரூபாய். அதற்கடுத்த 100 யூனிட் 6 ரூபாய் வீதம் 600, அடுத்த 100 யூனிட் 8 ரூபாய் வீதம் 800, மிச்சமுள்ள 200 யூனிட் 9 ரூபாய் வீதம் 1,800. ஆக மொத்தம் 4,550 ரூபாய்.

இதே ஐந்து வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால்? ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் போக 60 யூனிட்டுக்கு, குறைவாக ஓட்டும் வீட்டுக்கான 2.25 வீதம் 135 ரூபாய். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 675. இப்போது ஹவுஸ் ஓனர் போர்ஷனுக்கு ஒன்றாக அவரே மாட்டிய சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்றால் வீட்டுக்கு 1,280, மொத்தம் 6,400.

கட்டணம் அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, நீங்கள் இன்றைய அட்டவணையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் என்று இருந்தும், அது மீட்டருக்குத்தான் கிடைக்கிறது, அடுப்புக்குக் கிடைப்பதில்லை. தனி மீட்டர் இல்லாத குடித்தனக்காரருக்கு அந்தச் சலுகை எட்டுவதே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓனர் கொள்ளை அடிக்கிறார் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட முடியாது. 6,400இல் 4,550 அவர் வாரியத்துக்குக் கட்டுகிறார். ஐந்து ஏழை வீடுகளைக் கூட்டி ஒரு பணக்கார வீடாகக் காட்டுவது, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் ஸ்லாப் முறை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஓனரிடம் சண்டைக்குப் போகும் மாணவர் குழுவால் குடித்தனக்காரருக்குத்தான் தொல்லை.

இரண்டாவது விஷயம் தலைக்கு மேலே இருக்கிறது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை தகர ஷீட் அல்லது சிமென்ட் ஷீட் கூரை. கத்திரி வெயிலில் ஷீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். ஃபேனை நிறுத்த முடியாது. ஃபேன் ஓட ஓட யூனிட் ஏறும், யூனிட் ஏறினால் 8 ரூபாய். கூரையும் மீட்டரும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள். என்எஸ்எஸ் முகாமோ, பாலிடெக்னிக் புராஜெக்டோ, பொறியியல் கல்லூரியின் கடைசி ஆண்டு வேலையோ, இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தால் மட்டுமே அந்த வீட்டில் ஏதாவது மாறும்.

வட சென்னையை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அத்திப்பட்டு வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலும் இந்த மக்களின் கூரைமேலும் படிகிறது. மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே குடியிருந்துகொண்டு, ஏசி போட்ட வீட்டைவிட அதிக விலைக்கு யூனிட் வாங்குகிறார்கள்.

சோலார் வைத்துக் கொடுத்துவிடலாமே என்று முதல் கூட்டத்திலேயே யாராவது ஒரு மாணவர் கேட்பார். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட் என்றால் 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கூரை உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மீட்டர் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி உறுதியான தளம் வேண்டும். குடித்தனக்காரருக்கு இந்த மூன்றும் கிடையாது. அதை அங்கேயே விட்டுவிட்டு மீட்டருக்கு வருவோம்.

மீட்டரை வாசிப்பது

ஜனவரியிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். மின் வாரிய மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. சீலில் கை வைத்தால் மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு அந்த வீட்டுக்காரர் மேல் பாயும். நமக்குத் தேவையானதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும்.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருப்பார்கள், பல மீட்டர்களில் 3,200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் ஃபேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓட விட்டால் நிமிடத்துக்கு 4 தடவை, அதாவது 15 விநாடிக்கு ஒரு தடவை மினுக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு 10 மினுக்கலுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டரை நிமிடம் ஆகவேண்டிய இடத்தில் ஒன்றரை நிமிடத்திலேயே முடிந்துவிட்டால் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது அந்த ஃபேன் 75 வாட் இல்லை. வீட்டில் இருக்கும் அம்மாவையே எண்ணச் சொல்லுங்கள். தன் வீட்டுக் கரண்டைத் தானே அளந்து பார்த்தவருக்கு அதன்பிறகு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சப்-மீட்டர் சோதனை. குடித்தனக்காரரின் மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்த வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்போதும் அவருடைய சப்-மீட்டர் மினுக்கினால், மாடிப்படி விளக்கோ, தண்ணீர் மோட்டாரோ, பக்கத்துப் போர்ஷனோ அந்த ஒயரில் தொங்குகிறது. மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு தடவை, ஓடாத நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். காலை 6 மணிக்கு மோட்டார் போடும் காம்பவுண்டில் மாலை 4 மணிக்குப் போய்ச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதுவது வீண்.

சப்-மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க இஸ்திரிப் பெட்டி போதும் என்பார்கள். 1,000 வாட் என்றால் 3,200 மீட்டரில் நிமிடத்துக்கு 53 மினுக்கல். ஆனால் அந்த 1,000 வாட் 230 வோல்ட்டுக்குச் சொன்னது. கோடையில் அந்தத் தெருவில் 210 வோல்ட்தான் வருகிறது என்றால் பெட்டி இழுப்பது 830 வாட்டைச் சுற்றித்தான். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேகமாக ஓடும் மீட்டர்கூடச் சரியாக ஓடுவதுபோல் தோன்றும். பிளக்கில் மாட்டும் சின்ன எனர்ஜி மீட்டர் ஒன்றை வாங்கி, பெட்டியை அதன் வழியாக ஓட்டி, இரண்டையும் ஒப்பிடுங்கள். கடைசியாக எல்லா சப்-மீட்டர் ரீடிங்கையும் கூட்டி ஈபி மீட்டரோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாள், ஒரே மணிக்கு எடுத்த ரீடிங்காக இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பொது உபயோகம் எங்கே ஏறுகிறது என்று தேடுங்கள்.

வெப்பத்தை அளப்பது

ஒரு வீட்டுக்கு மூன்று இடத்தில் அளவு வேண்டும்: ஷீட்டின் அடிப்பரப்பு, அறையின் காற்று, கதிர்வீச்சு வெப்பம். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், ஆனால் தகரக் கூரை வீட்டில் ஆளை வாட்டுவது அதுதான். காற்று 36 டிகிரி என்று காட்டும்போதே தலைக்கு மேல் 55 டிகிரியில் ஒரு தகடு அனலை இறக்கிக்கொண்டிருக்கும். இதை அளக்க 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு, உள்ளே சென்சாரை நடுவில் நிறுத்தி, வெளியே பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்தால் போதும். உட்கார்ந்த உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.1 மீட்டரில் தொங்க விடுங்கள். பாய் விரித்துத் தரையில் படுக்கும் வீடாக இருந்தால் இரவுக்கென்று கீழே இன்னொன்று வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

பரப்புக்கும் பந்துக்கும் டிஎஸ்18பி20 சென்சார், காற்றுக்கு எஸ்ஹெச்டி31, எல்லாவற்றையும் பதிய ஒரு இஎஸ்பி32 போர்டு. 10 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் தாராளம். தவறு நடக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான். டிஎஸ்18பி20இன் டேட்டா ஒயருக்கும் பவருக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டால் ரீடிங் வராது. 85 என்று காட்டினால் அது வெப்பநிலை இல்லை, சென்சார் இன்னும் அளக்கவே தொடங்கவில்லை என்று பொருள். கூரைச் சூட்டைப் பதிய வந்த மாணவர்கள் அந்த 85ஐ உண்மையான உச்சம் என்று நம்பிப் போஸ்டரில் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மைனஸ் 127 வந்தால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. எஸ்ஹெச்டி31ஐ போர்டு இருக்கும் அதே டப்பாவுக்குள் அடைத்தால் போர்டின் சொந்தச் சூட்டையும் சேர்த்துக் காட்டும், ஓரடி ஒயர் விட்டு வெளியே தொங்க விடுங்கள். இஎஸ்பி32இன் உள் கடிகாரம் நாள் ஆக ஆக நழுவும், டிஎஸ்3231 கடிகாரம் ஒன்று சேருங்கள். எண்ணூர் காற்றில் உப்பு அதிகம். பிரெட்போர்டில் செருகிய ஜம்பர் ஒயர் சில வாரத்திலேயே பச்சை பூத்துவிடும், ஆகவே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு அந்த வீட்டுப் பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள், 8 ரூபாய் யூனிட் அவர்களுடையது. பவர் பேங்க் வைக்கலாம் என்று தோன்றும். போர்டு உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து பெரும்பாலான பவர் பேங்க் தானே அணைந்துவிடும். 18650 லித்தியம் செல் ஒன்றும் அதற்கான பாதுகாப்புச் சர்க்யூட்டும்தான் நம்பகமானது.

வைப்பதற்கு முன் எல்லா டிஎஸ்18பி20 சென்சாரையும் (எஸ்ஹெச்டி31ஐத் தண்ணீரில் போடக் கூடாது) ஒரே கட்டாகக் கட்டி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் கலக்கிக்கொண்டே வையுங்கள். ஒவ்வொன்றும் 0இலிருந்து எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு அதைக் கழித்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்18பி20இல் போலி அதிகம், அரை டிகிரிக்கு மேல் விலகுவதை ஒதுக்கிவையுங்கள்.

கைத் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு தெர்மாமீட்டரும் வைத்திருப்பீர்கள். அது பளபளக்கும் புதுத் தகரத்தில் பொய் சொல்லும். தகரம் தன் சூட்டை வெளியிடுவது குறைவு, எதிரில் இருப்பதையே பிரதிபலிக்கும், அதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஷீட்டில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளங்கள். 12:1 கருவி என்றால் 1.2 மீட்டர் தூரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும், டேப் அதைவிடச் சின்னது என்றால் கிட்டே போக வேண்டும். சிமென்ட் ஷீட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒரே வீட்டில் பெயிண்ட் அடிப்பதற்கு முன், அடித்ததற்குப் பின் என்று ஒப்பிட்டு முடிவு சொல்லாதீர்கள். சென்னையில் கடல்காற்று மதியம் 12 மணிக்கு வந்த நாளும் 3 மணிக்கு வந்த நாளும் வேறு வேறு உலகம். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் கதை முடிந்தது. ஒரே மாதிரி ஷீட், ஒரே திசை, ஏறக்குறைய ஒரே அளவுள்ள வீடுகளை ஜோடி ஜோடியாக எடுங்கள். இரண்டு வாரம் இரண்டையும் சும்மா அளந்து, இரண்டுக்கும் இடையே இயல்பாகவே எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு, பிறகு ஒன்றுக்கு அடியுங்கள். பகல் 12 முதல் 4 வரை அந்த வித்தியாசம் எவ்வளவு மாறியது என்பதுதான் உங்கள் விடை.

கூரைக்குப் போவதற்கு முன்

இந்த வேலையில் உயிர் போகக்கூடிய இடங்கள் இரண்டு.

சிமென்ட் ஷீட்டின்மேல் கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், மிதித்தால் எந்தச் சத்தமும் கொடுக்காமல் உடைந்து ஆளை உள்ளே விழுங்கும். மாணவர்கள் யாரும் ஏறவே வேண்டாம். ஏணியில் நின்று நீளக் கம்பில் மாட்டிய ரோலரால் எட்டும் வரை அடியுங்கள். எட்டாத நடுப்பகுதிக்கு ஷீட் வேலை தெரிந்தவரைக் கூலிக்கு வையுங்கள். அவர் போல்ட் வரிசைக்கு மேலே, அடியில் சட்டம் இருக்கும் இடம் பார்த்து, குறுக்கே பலகை போட்டு நகர்வார்.

இரண்டாவது மின்கசிவு. தகரக் கூரையில் ஃபேன் ஒயரோ சர்வீஸ் ஒயரோ உரசி ரப்பர் தேய்ந்திருந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். காய்ந்த நாளில் தெரியாது. ஈரத் துணியோடு, சுண்ணாம்புத் தண்ணீரோடு ஏணியில் நிற்கும்போதுதான் தெரியும். மெயினை அணைத்துவிட்டே வேலை செய்ய வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு ஒயர் இந்தக் கூரைமேல் கிடந்தால் இந்த மெயின் உதவாது. ஷீட்டுக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இருபது, முப்பது வோல்ட் காட்டினால் அது வெறும் தூண்டல் மின்னழுத்தமாகவும் இருக்கலாம், நிஜக் கசிவாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வேலை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுடையது, அவர் வரும் வரை யாரும் ஈரக் கையோடு அருகே போகக் கூடாது. கையில் இருக்கும் பணத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் என்றால், பெயிண்ட்டுக்கு முன், கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றை மாட்டிக்கொடுங்கள் என்பேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டைக் கம்பி பிரஷால் சுரண்டுவதும், பிரஷர் பம்ப்பில் கழுவுவதும், டிரில் போடுவதும் நார்த்தூசியைக் கிளப்பிவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, மெத்தென்ற துடைப்பத்தால் பாசியைத் தள்ளினால் போதும். எந்த ஷீட்டில் அது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாப் பழைய சிமென்ட் ஷீட்டையும் அப்படியே நடத்துங்கள்.

சுண்ணாம்பா, பெயிண்ட்டா

சிமென்ட் ஷீட்டுக்குச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். புதுத் தகரத்துக்குப் பிடிக்காது. சுண்ணாம்பின் காரம் துத்தநாகப் பூச்சோடு வினைபுரியும், கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும். தகரத்துக்கு அதற்கான பிரைமரும் அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் குளிர்கூரைப் பெயிண்ட்டும்தான். இதில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. வெறும் தகரம் இரவிலும் தன் சூட்டை வானத்துக்கு வெளியிடத் தயங்கும், பெயிண்ட் அடித்த பரப்பு அதைத் தாராளமாக வெளியிடும்.

சுண்ணாம்புக்கு அளவு: கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு கூரைக்கு 5 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 25 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது, குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் நீற்றவே கூடாது. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, அரை லிட்டர் வெள்ளைப் பசை கலக்குங்கள். உப்புப் போடும் வழக்கம் உண்டு, கூரையில் வேண்டாம், ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடிக்கும். பளிச்சென்று இருக்க நீலம் கலப்பார்கள், அதுவும் வேண்டாம். நீலம் கலந்தால் கண்ணுக்குத்தான் வெண்மை, வெயிலை அது கொஞ்சம் உறிஞ்சும்.

மூன்று கை பூச்சு, ஒவ்வொன்றும் மெலிசாக, முந்தைய கைக்குக் குறுக்காக. காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5க்கு மேல், ஷீட்டை நனைத்துவிட்டு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு இறுகுவதற்குள் காய்ந்து மாவாக உதிரும். கையில் வெள்ளை ஒட்டுகிறது என்றால் இதுதான் காரணம். இரண்டு நாள் கழித்து மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள், டேப்பில் தாராளமாக வெள்ளை வந்தால் இன்னொரு கை பசை சேர்த்து அடிக்க வேண்டும்.

பெயிண்ட் கணக்கு: 10க்கு 12 அடி அறை என்றால் சாய்ப்பு நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து 12க்கு 14, அதாவது 168 சதுர அடி. ஷீட் நெளிநெளியாக இருப்பதால் நிஜப் பரப்பு இதைவிட 15 சதவீதம்போல அதிகம், 193 சதுர அடி என்று வையுங்கள். இரண்டு கைக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி வரும். 10 லிட்டர் டப்பா ஒன்று வாங்குங்கள். நெளிவைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய பெயிண்ட் இரண்டாவது கை பாதியிலேயே தீர்ந்து, கடைக்காரர் சொன்னபடி தண்ணீர் விட்டு நீட்டி முடித்த கூரைகளை ஒரே பருவத்தில் அடையாளம் கண்டுவிடலாம், அடித்தளம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சுண்ணாம்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும், ஆண்டுதோறும் மாசியில் புதுப்பிக்க வேண்டும். பெயிண்ட் சில ஆண்டு நிற்கும், ஆனால் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சாலைத் தூசியும் படிந்தால் வெண்மை போய் வேலையும் குறையும். சித்திரை பிறப்பதற்கு முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டும். கூரைத் தண்ணீரைப் பிடித்துப் புழங்கும் வீடாக இருந்தால் முதல் இரண்டு மழையைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

என்ன கிடைக்கும் என்று பொய் சொல்லி அடிக்காதீர்கள். ஷீட்டின் அடிப்பரப்பு நண்பகலில் 10 டிகிரிக்கு மேல் இறங்கும். காற்று இறங்குவது 2, 3 டிகிரிதான். வீட்டில் இருப்பவர் அதைவிட நிம்மதியாக உணர்வார், ஏனென்றால் தலைமேல் இறங்கிய அனல் குறைந்திருக்கிறது. அதைத்தான் அந்தக் கறுப்புப் பந்து காட்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த வேலையைச் செய்தால் பலன் மேல் மாடிக்கு மட்டும்தான். அங்கே கான்கிரீட் பகலில் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும். அது வேறு வேலை, வேறு அளவு.

மாற்று வழிகளில் தெர்மகோல் சீலிங்கை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அடுப்பு எரியும் ஓரறை வீட்டில் தீ பிடித்தால் உருகி ஒழுகும், புகையிலேயே ஆள் போய்விடும். அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட் நல்லதுதான், கூரைக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒயரிங் சரியில்லாத வீட்டில் வேண்டாம். பைசா செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. சுவரின் மேல் விளிம்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, எலி, கொசு வராமலிருக்கப் பழந்துணியால் அடைத்து வைத்திருப்பார்கள். சூடான காற்று வெளியேறும் ஒரே வழி அதுதான். துணியை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்துக் கொடுங்கள்.

ஃபேன் யாருக்கு லாபம்

கூரையைக் கவனித்த பிறகே ஃபேன். சூடான ஷீட்டுக்குக் கீழே சீலிங் ஃபேன் மேலே தேங்கிய அனலை அள்ளித் தலையில் கொட்டும். கூரை குளிர்ந்த பிறகு 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன். நாளுக்கு 18 மணி நேரம், 60 நாள், அதாவது 1,080 மணி நேரம். பழையது 81 யூனிட், புதியது 32. மிச்சம் 49 யூனிட்போல. 8 ரூபாய் கொடுக்கும் குடித்தனக்காரருக்கு அது 390 ரூபாய். தனி மீட்டரில் 160 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு ஏறக்குறைய 110 ரூபாய். தனி மீட்டரில் 90 யூனிட்டே ஓட்டும் வீட்டுக்கு ஒரு பைசாகூட மிச்சமில்லை, அது ஏற்கெனவே இலவசம்.

ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதைவிட, சப்-மீட்டர் வீடுகளை முதலில் வையுங்கள். 3,000 ரூபாய் ஃபேன் அங்கே ஒன்றேகால் ஆண்டில் காசை எடுத்துவிடும். வீடு மாறினாலும் கழற்றிக்கொண்டு போகலாம், கூரைப் பெயிண்ட்டைக் கொண்டுபோக முடியாது.

ஓனரிடம் பேசுவது

மின்சாரச் சட்டம் 2003இன் 43ஆம் பிரிவு உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு விதிகளில் ஓனர் சம்மதம் தராவிட்டால் குடியிருப்புச் சான்றோடு உறுதிப்பத்திரமும் இரட்டிப்புக் காப்புத்தொகையும் கொடுத்து வாங்க வழி உண்டு. சட்டப்படி சரி. ஆனால் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் உடனே கைகொடுக்காது.

அதனால் கணக்கை வைத்துப் பேசுங்கள். முதலில் சொன்ன காம்பவுண்டில் ஓனருக்கு நிற்பது 6,400 கழித்தல் 4,550, அதாவது 1,850 ரூபாய். தனி மீட்டர் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் மிச்சமாவது 1,145 ரூபாய். ஓனரின் அந்த 1,850ஐ ஐந்து வீடும் ஆளுக்கு 370 என்று வாடகையில் ஏற்றிக் கொடுத்தாலும் வீட்டுக்கு 775 ரூபாய் மிச்சம். வாடகை ஏறுவது நியாயமா என்றால் இல்லை. ஆனால் இது ஓனர் தலையாட்டக்கூடிய பேரம். இணைப்பை ஓனர் பெயரிலேயே போர்ஷனுக்கு ஒன்றாக எடுத்தால், குடித்தனக்காரர் உரிமை கொண்டாடுவார் என்ற பயமும் போய்விடும். தனித்தனிக் குடித்தனமா என்று வாரியத்திலிருந்து நேரில் பார்ப்பார்கள், தனி ஒயரிங்கும் தனி மெயினும் தயாராக இருக்கட்டும். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் முதலில் வாரியத்தின் புகார் மையமான மின்னகம், பிறகு மின் நுகர்வோர் குறைதீர் மன்றம்.

கூரை விஷயத்திலும் ஓனரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும், கூரை அவருடையது. ஓராண்டுக்கு வாடகை ஏற்றுவதில்லை என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள். எழுதித் தராவிட்டாலும் சங்கத்து ஆட்கள் முன்னால் வாயால் சொல்ல வைத்தால் அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

யூனிட் விலை பற்றிய பேச்சைக் காம்பவுண்டின் பொது நடைபாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டில் பெயருக்குப் பதில் எண், கதவிலக்கம் வேண்டாம், மேப்பில் புள்ளி வைக்க வேண்டாம். இந்த வீட்டில் 8 ரூபாய் என்று படத்தோடு இன்ஸ்டாகிராமில் போட்டால் அதற்கு விலை கொடுப்பது அந்த வீட்டு அம்மா. முடிவுகளைத் தெருவாகக் கூட்டி, ஏரியா சபையிலும் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. கூரைச் சூட்டின் பதிவு கையில் இருந்தால் மனு அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம். தெலங்கானாவில் 2023 முதல் 2028 வரைக்கான குளிர்கூரைக் கொள்கையே இருக்கிறது, 2010 மே வெப்ப அலையில் 1,344 பேரைக் கூடுதலாக இழந்த அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. இந்த இரண்டையும் மனுவில் சேர்த்தால் அதிகாரி புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக நாட்காட்டி. கல்லூரிக்கும் வெயிலுக்கும் பொருந்தவே பொருந்தாது. ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு, மே மாதம் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கத்திரி அப்போதுதான் தொடங்கும். அதே தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த இரண்டு பேருக்கு மார்ச்சிலேயே சென்சாரைக் கழற்றி மாட்டவும் பேட்டரி மாற்றவும் சொல்லிக்கொடுத்து, மாதச் சம்பளம் போடுங்கள். தன்னார்வம் என்று சும்மா வாங்கக் கூடாது, அது வேலை. ஒப்பிடுவதற்காகப் பெயிண்ட் அடிக்காமல் விட்ட ஜோடி வீடுகளுக்கான பெயிண்ட்டையும் தொடக்கத்திலேயே வாங்கி, மே 15க்குள் அடிப்பது என்று அந்த இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிடுங்கள். இரண்டு வார அளவு கிடைத்துவிட்டால் நமக்குப் போதும். அதற்கு மேல் அந்த வீட்டைச் சூட்டில் விட்டுவைக்க நமக்கு உரிமையில்லை.